ஐந்நூறு மணி நேரக் கால் நடை

சின்னவள் விலங்கியலில் பட்டம் வாங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இந்தப் பதினோரு மாதத்தில் அவளைப் பார்த்து "அடுத்து என்ன?" என்று கேட்காத ஜீவன்கள் இரண்டே இரண்டு. ஒன்று, இரண்டு தெரு தள்ளி இருந்த கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா. இன்னொன்று, அதே மருந்தகத்துக்குக் கட்டுப் போட வந்து, கட்டு அவிழ்த்த பிறகும் போக மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட மூன்று கால் நாய். மற்ற எல்லோரும் கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் பதிலையும் அவர்களே சொன்னார்கள். சித்தப்பா பேங்க் பரீட்சை என்றார். அத்தை ஆசிரியர் பயிற்சி என்றாள். கல்யாணமாகி வெளியூரில் இருந்த அக்கா போனில், "கம்ப்யூட்டர் ஏதாச்சும் கத்துக்கோடி, ஆறே மாசம்" என்றாள். எதிர் வீட்டுக்காரர் மட்டும் அவளை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார். அவர் கேட்டது மாப்பிள்ளை விஷயம்.

சின்னவளுக்கு வேண்டியிருந்தது கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம். மொத்தமே நாற்பது இடம்தான். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மயிரிழையில் தவறிப் போயிற்று. இருபத்து நான்கு வயது ஆகிவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது என்பது விதி. அவளுக்கு இருபத்து நான்கு ஆக இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஆக, இதுதான் கடைசித் தடவை. இது போனால் பேங்க், பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர், எதிர் வீட்டுக்காரர் என்று வரிசையாக நிற்கிறவர்களில் யாராவது ஒருவருக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

இந்த வருடம் கல்லூரி வாரியம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருப்பதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. ஐந்நூறு மணி நேர அனுபவம் வேண்டுமாம். கேட்டதும் சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மாவின் மருந்தகத்தில் அவள் பழியாய்க் கிடந்த நேரமெல்லாம் எதற்கென்று இருந்தவளுக்கு, இதோ இதற்குத்தான் என்று ஆகிவிட்டது. ஊசிக்கு மிரளும் பூனையைத் துண்டில் சுருட்டிப் பிடித்தது, உதைக்கிற கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றது, புழு வைத்த புண்ணைக் கழுவியது, ஆட்டின் வயிற்றில் மாறிக் கிடக்கிற குட்டியைத் திருப்பி எடுக்கக் கற்றுக்கொண்டது என்று எல்லாவற்றையும் டாக்டரம்மா தேதிவாரியாக நோட்டில் குறித்து வைத்திருந்தாள். கூட்டிப் பார்த்தால் எண்ணூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "போய் ஜெயிச்சிட்டு வா" என்று கொடுத்தாள்.

'கால்நடை மருத்துவச் சேர்க்கை வாரியம்' என்று எழுதிய கட்டடத்தின் மூன்றாம் கவுண்டரில் இருந்த எழுத்தர் அந்தச் சான்றிதழை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு கடைசியிலிருந்து முதல் வரை படித்தார்.

"இதுல மாடு, ஆடு, பூனைன்னு என்னென்னவோ இருக்கு. நடந்தது எங்கே இருக்கு?"

"எது நடந்தது சார்?"

"நீங்க நடந்தது."

எழுத்தர் அரசிதழை எடுத்துப் போட்டார். ஒரு வரியின் கீழே விரல் வைத்தார். 'விண்ணப்பதாரர் குறைந்தது ஐந்நூறு மணி நேரம் கால் நடை அனுபவம் பெற்றிருத்தல் வேண்டும்.'

"கால். நடை. நடுவுல இடம் விட்டிருக்கு பாருங்க."

"சார், அது கால்நடை சார். ஆடு, மாடு."

"ஆடு மாடா இருந்தா சேர்த்து எழுதியிருப்பாங்க. பிரிச்சு எழுதினா கால் வேற, நடை வேற. காலால நடக்கணும்னு அர்த்தம். தமிழ் படிச்சீங்களா இல்லையா?"

"மிருக வைத்தியம் படிக்க எதுக்கு சார் நடக்கணும்?"

"அந்தக் கேள்வியை நாங்க கேட்கிறதில்லை. கேட்க ஆரம்பிச்சா வேலை ஓடாது."

"வாசல் போர்டுல சேர்த்துத்தானே சார் எழுதியிருக்கு?"

"அது போர்டு எழுதினவன் செஞ்ச தப்பு. பிரிச்சு எழுத பெயிண்டருக்குச் சொல்லியாச்சு."

சான்றிதழ் அவள் கைக்கே திரும்பி வந்தது. எழுத்தர் கெட்டவர் இல்லை. அவள் முகம் விழுந்து போனதைப் பார்த்து, "உங்களுக்கு வயசு இருக்கு, கால் இருக்கு. ரெண்டரை மாசம் டைம் இருக்கு. நடந்துடுங்க" என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சிரித்தாள். சின்னவளும் சிரித்துவிட்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பா சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "எந்தத் தேதி அரசிதழ்?" என்று மட்டும் கேட்டார். அவர் அரசிதழ் அச்சாகிற அச்சகத்தில் பிழைதிருத்துநர். இருபத்தாறு வருடமாக அந்த வேலை. பத்திரிகையில் வருகிற கண்ணீர் அஞ்சலியில்கூட ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் பேனாவை எடுத்துவிடுகிற மனிதர்.

மறுநாள் மாலை அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். அச்சுக்குப் போகும் முன் திருத்தப் பார்க்கிற மெய்ப்புத் தாள் அது. வாரியத்திலிருந்து வந்த கைப்பிரதியில் 'கால்நடை' என்று சேர்ந்துதான் இருந்தது. அச்சுக் கோத்தவர் தவறுதலாக நடுவில் ஓர் இடைவெளி விட்டுவிட்டார். அதற்கு மேலே மூன்று கமாவும் கீழே இரண்டு ஒற்றும் சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தன. இடைவெளியை யாரும் தொடவில்லை. தாளின் அடியில், 'பார்த்தேன், சரி' என்று எழுதி அப்பாவின் கையெழுத்து இருந்தது.

"என் கண்ணுல படலைம்மா" என்றார் அப்பா. "இருபத்தாறு வருஷத்துல எத்தனையோ படலை. ஆனா இது உன் தலையில விழும்னு நினைக்கலை."

சின்னவளுக்கு ஒரு கணம் கோபம் வந்தது உண்மை. அடுத்த கணம் அவர் செருப்போடு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தாள். அம்மா கூடம் கழுவியிருந்த அன்று அவர் அப்படிச் செய்கிறவரே இல்லை. "விடுங்கப்பா, திருத்திட்டா போச்சு" என்றாள்.

திருத்திவிட்டால் போயிற்று என்றுதான் அப்பாவும் நினைத்தார். மெய்ப்புத் தாளையும் மகளையும் அழைத்துக்கொண்டு வாரியத் தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் அறையில் சுவரெல்லாம் படங்கள். திறப்பு விழாக்கள், வழியனுப்பு விழாக்கள், பொன்னாடைகள். தேடிப் பார்த்தாலும் ஒரு வால், ஒரு கொம்பு கிடையாது. அப்பா நின்றபடியே நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னுதுங்க. எழுத்து மூலமாவே கொடுக்கறேன். ஒரு திருத்தம் போட்டீங்கன்னா நூத்துக்கணக்கான பிள்ளைங்க பொழைச்சுக்கும்" என்றார்.

தலைவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இடைவெளியை விரலால் தடவிக்கூடப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஐயா, உங்களைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தோம். இந்த இடைவெளியை யார் போட்டதுன்னு எங்களுக்கே தெரியாம இருந்தது. நீங்க இதைப் பிழைன்னு சொல்றீங்க. நாங்க இதைக் கொள்கைன்னு சொல்றோம். யோசிச்சுப் பாருங்க. இந்த வாரியம் ஆரம்பிச்சு நாப்பது வருஷம் ஆச்சு. இத்தனை வருஷமா எங்களுக்கு என்ன வேலை? விண்ணப்பம் வாங்கறது, நாப்பது பேரைப் பொறுக்கறது. மனசாட்சியோட சொல்றேன், அதை ஒரு மத்தியானத்துல முடிச்சிடலாம். இந்த இடைவெளி வந்த பிறகுதான் எங்களுக்கு நடைப் பிரிவுன்னு ஒரு பிரிவே வந்தது. நடை மேற்பார்வையாளர்னு ஒரு பதவி வந்தது. பின்பக்க முற்றத்துல பாதை போட்டிருக்கோம். போன வாரம் அமைச்சர் வந்து பத்தடி நடந்துட்டுப் போனார். இப்போ போய் அது தப்புன்னு சொன்னா, அவர் எதுக்கு நடந்தார்னு ஆகும்ல?"

"ஆனா மிருகத்தைத் தொட்டுப் பழகினவங்களுக்குத்தானேங்க இந்தப் படிப்பு?" என்றாள் சின்னவள்.

"தொடக் கூடாதும்மா!" தலைவர் பதறிவிட்டார். "முப்பத்தோரு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு மிருகத்தைத் தொட்டதில்லை, கிட்டப் போய் நின்னதில்லை. பழகிட்டா பாரபட்சம் வந்துடும். மாட்டுக்காரன் மாட்டுக்குப் பேசுவான், பூனைக்காரி பூனைக்குப் பேசுவா. நடக்கிறவன் எதுக்கும் பேச மாட்டான், மூச்சு வாங்கும்."

வெளியே வரும்போது பெயிண்டர் ஏணியில் நின்று வாசல் போர்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். 'கால்' இடத்திலேயே இருந்தது. 'நடை' ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. அப்பா நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார்.

வேறு வழி இல்லாததால் சின்னவள் நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட நீள்வட்டப் பாதை. ஒரு சுற்று சுற்ற ஆறு நிமிடம். பாதையின் ஓரிடத்தில் பலகைத் தடுப்பு ஒன்று குறுக்கே நின்றது. தடுப்புக்குப் பின்னால் நடை மேற்பார்வையாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மட்டும் பலகையில் திறப்பு. முகம் தெரிந்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று வந்துவிடுமாம். ஆகவே அவர் கால்களை மட்டும் பார்ப்பார். காலில் கட்டியிருக்கிற அட்டையில் எண்ணைப் பார்ப்பார். பதிவேட்டில் ஒரு கோடு போடுவார். சின்னவளின் எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. மணியடிக்கிற இடைவேளை தவிர, பத்து நிமிடத்துக்கு மேல் ஓர் எண் திறப்பில் தலைகாட்டாவிட்டால், அதாவது கால்காட்டாவிட்டால், அதுவரை நடந்ததெல்லாம் கழிந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.

முதல் வாரத்தில் முந்நூறு பேர் நடந்தார்கள். இரண்டாவது வாரத்தில் எதிர்ச் சாரியில் 'வெற்றி நடைப் பயிற்சி மையம்' திறந்தார்கள். 'எங்கள் மாணவர்கள் முதல் முயற்சியிலேயே நடந்தவர்கள்' என்று விளம்பரம். உள்ளே இடது காலுக்கு ஓர் ஆசிரியர், வலது காலுக்கு ஓர் ஆசிரியர். மாதிரி வினாத்தாள்கூடப் போட்டார்கள்: 'நடக்கும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டியது எது? (அ) இடது கால் (ஆ) வலது கால் (இ) மேற்கண்ட இரண்டும்.' 'மேற்கண்ட இரண்டும்' என்று எழுதிப் பழகிய ஒரு பையன் முற்றத்துக்கு வந்து அப்படியே செய்து பார்த்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டான்.

மருந்தகத்துப் பக்கம் போகச் சின்னவளுக்கு நேரமே இல்லை. ஒரு நாள் டாக்டரம்மாவே வழியில் நிறுத்தி விசாரித்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் படிக்கும்போது யாரும் நடக்கச் சொல்லலைம்மா. அதான் இப்படி ஆடு மாட்டோட மல்லுக்கட்டிட்டு நிக்கிறேன்" என்றாள். அப்புறம் குரல் இறங்கிப் போய், "நீ இல்லாம கையொடிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா வாளியில் வெந்நீர் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவள் எவ்வளவு சொன்னாலும் கேட்காமல் அவள் காலை எடுத்து நீரில் வைத்து, குதிகாலைத் தேய்த்துவிடுவார். "ஒரு விரல்கடை இடம்மா, அதுக்கு இத்தனை தூரம்" என்று ஒரு தடவை சொன்னார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு முற்றத்தில் அறுபது பேர் மிஞ்சினார்கள். சின்னவள் நானூற்றுத் தொண்ணூற்றாறு மணி நேரத்தை முடித்திருந்தாள். அன்று காலை நான்கு மணி நேரம் நடந்துவிட்டால் தீர்ந்தது. மறுநாள் பதிவேட்டை மூடுகிறார்கள். ஆக, இன்று கழிந்தால் என்றைக்குமாகக் கழிந்தது.

வாரியத்துத் தோட்டக்காரரிடம் இரண்டு ஆடுகள் இருந்தன. புல் வெட்டும் இயந்திரம் கேட்டு அவர் எழுதிப் போட்ட மனு நான்கு வருடமாக ஒவ்வொரு மேஜையாக நகர்ந்துகொண்டிருந்ததால், அவர் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு பெட்டை ஆட்டையும், தாடி வைத்த ஒரு கிடாவையும் கொண்டு வந்து விட்டிருந்தார். வாரியத்தின் கணக்கில் அவை இரண்டும் தோட்டக் கருவிகள். பெட்டை நிறைசினை. அன்று காலை, சின்னவள் முதல் சுற்று போய்க்கொண்டிருக்கும்போது, அது பாதையின் நடுவில் வந்து படுத்து அலறியது.

முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக அதைத் தாண்டிப் போனார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எல்லோருக்கும் பத்து நிமிடம்தான். சின்னவளும் தாண்டினாள். தாண்டி நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள். குட்டியின் மூக்கும் ஒரே ஒரு காலும் வெளியே தெரிந்தன. மற்றக் கால் இல்லை. அது உள்ளே பின்னால் மடங்கிக் கிடக்கிறது என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருந்தால் போயிருப்பாள்.

தோட்டக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "இழுத்துடலாமா பாப்பா?"

"இழுக்காதீங்கண்ணே! ஆத்தா, குட்டி ரெண்டுமே போயிடும். சோப்பும் தண்ணியும் எண்ணெயும் கொண்டாங்க. சீக்கிரம்!"

அவள் மண்டி போட்டு உட்கார்ந்தாள். தோட்டக்காரர் வாளியோடு வந்தபோது அவள் பாதையில் நிற்கக்கூட இல்லை, உட்கார்ந்தே இருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. தடுப்பைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"உன் நம்பர் போயிடுமே பாப்பா!"

"போகட்டும்ணே. இதைப் பிடிங்க."

"நீ அவளைப் பாரு. உன் நம்பரை நான் பார்த்துக்கறேன்."

சின்னவளின் கை முழங்கை வரை சோப்பு. குட்டியின் தலையை மெதுவாக உள்ளே தள்ளி, அடுத்த முக்கலுக்கு முன்னால் மடங்கின காலைத் தேட வேண்டும். தோட்டக்காரர் அவள் காலிலிருந்து எதையோ அவிழ்க்கிறார் என்று தெரிந்தது. என்ன ஏது என்று பார்க்கிற நிலையில் அவள் இல்லை. விரல் நுனியில் ஒரு குளம்பு தட்டுப்பட்டது. அதை உள்ளங்கையில் பொத்தி, கருப்பை கிழியாமல் வளைத்து முன்னால் கொண்டு வந்தாள். குட்டி வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "வாடா, வாடா" என்று கெஞ்சினாள். அது தும்மியது. அதற்குப் பின்னால் சமர்த்தாக இன்னொன்று வந்தது. தாய் எழுந்து இரண்டையும் நக்கி முடித்து, நஞ்சுக்கொடி விழுகிற வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கை கழுவினாள். தனக்கும் எல்லாம் முடிந்தது என்றும் நினைத்தாள். அப்போதுதான் தோட்டக்காரர் கிடாவைப் பிடித்துக்கொண்டு பாதையில் வருவதைப் பார்த்தாள். கிடாவின் முன்னங்காலில் அவள் அட்டை தொங்கியது. தோட்டக்காரர் முகமெல்லாம் பல்லாக, "முடிஞ்சது பாப்பா! ஐந்நூறும் ஆச்சுன்னு மேற்பார்வையாளர் சீட்டே எழுதிக் கொடுத்துட்டார்" என்றார்.

நடை மேற்பார்வையாளர் நேர்மையான மனிதர். எண் இல்லாத கால்களை அவர் பார்ப்பதில்லை. ஆகவே தோட்டக்காரரின் கால்கள் அவர் கண்ணில் படவில்லை. எண் உள்ள கால்களை எண்ணுவார். இரண்டு கால் கடந்தால் ஒரு சுற்று என்பது அவருக்குக் கொடுத்திருந்த சுற்றறிக்கை. நான்கு கால் கடந்தது. இரண்டு சுற்று என்று கோடு போட்டார். அப்படித்தான் நான்கு மணி நேரம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பதிவேட்டில் குறிப்பும் எழுதியிருந்தார்: 'எண் 1147. இன்று கால்கள் கூடுதல். நடை சீர். காலணி அணியவில்லை.'

நேர்முகத் தேர்வில் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் உறுப்பினர் சட்டம் தெரிந்தவர். இன்னொருவர் என்ன தெரிந்தவர் என்று யாருக்கும் தெரியாது. சட்ட உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டி, "கடைசி நாள்ல உங்க வேகம் இரட்டிப்பாகியிருக்கே, எப்படி?" என்று மெச்சுகிற குரலில் கேட்டார்.

அப்பா அந்தத் தாளை மேஜையில் விரித்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மாலையைப் பார்த்த பிறகு, சின்னவளுக்கு ஒரு பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை. "அது நான் நடக்கலைங்க. ஆடு நடந்தது" என்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

தலைவர் சட்டென்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"நம்ம வளாகத்துல ஆடு இருக்கா?" என்றார் தலைவர், பயந்துபோய்.

"அதை அப்புறம் பார்ப்போம் சார்" என்றார் சட்ட உறுப்பினர். "முதல்ல இதைப் பார்ப்போம். 1147ஐ நிராகரிச்சா காரணம் எழுதணும். என்ன எழுதுவோம்? நம்ம மேற்பார்வையாளருக்கு ஆட்டுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியலைன்னு எழுதணும். அப்படி எழுதினா நடந்து முடிச்ச மத்தவங்களும் ஆளுதான்னு யார் உறுதி சொல்றது? கேஸ் போடுவாங்க. நடைப் பிரிவையே மூடச் சொல்லுவாங்க."

"மூடறதா!" என்றார் மூன்றாமவர். அந்தப் பிரிவுக்கு அவர் மைத்துனர்தான் தலைமை.

"ஏத்துக்கிட்டா ஒரு காரணமும் எழுத வேண்டாம். விதியில 'விண்ணப்பதாரர்'னு இருக்கே தவிர மனுஷன்னு எங்கேயும் இல்லை. நம்பரைச் சுமந்து கடைசிக் கோட்டைத் தாண்டினவர் யாரோ அவர்தான் விண்ணப்பதாரர். ஆடு தாண்டியிருக்கு."

"அப்போ இந்தப் பொண்ணு?"

"இந்தப் பொண்ணு நடுவுல உட்கார்ந்துட்டா. அதுவும் எதுக்கு? ஒரு மிருகத்தைத் தொடறதுக்கு." சட்ட உறுப்பினர் இதை வருத்தத்தோடுதான் சொன்னார். "ஆனா தனியா கல்லூரிக்குப் போக முடியாதவங்களுக்கு ஒரு துணையாள் வெச்சுக்கலாம்னு விதி இருக்கு. இவங்க விரும்பினா ஆட்டுக்குத் துணையாளா போகலாம்."

தலைவர் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "நாப்பது வருஷத்துல முதல் தடவையா ஒரு கால்நடைக்கே நாம இடம் கொடுக்கறோம். எவ்வளவு பெரிய சமூக நீதி! அமைச்சரை வெச்சு விழா எடுக்கணும். ஆடு மேடைக்கு வருமா? வந்தா நான் எவ்வளவு தூரத்துல நிக்கணும்?"

இரண்டு வாரத்தில் தபால் வந்தது. உறையின் மேல் 'ஆடு (கிடா), எண் 1147, தோட்டக்காரர் மேற்பார்வையில்' என்று விலாசம். தோட்டக்காரர் அதை ஆட்டிடம் காட்டாமல் நேரே சின்னவளின் வீட்டுக்குக் கொண்டு வந்தார். காட்டியிருந்தால் தின்றிருக்கும்.

அம்மா கடிதத்தைப் படித்துவிட்டுக் கொதித்துப் போனாள். "மானம் போகுதுடி. பட்டதாரிப் பொண்ணு, ஒரு ஆட்டுக்குத் துணைன்னு போய் உக்காருவியா? ஊர் என்ன பேசும்? சித்தப்பா சொன்னாரே, பேங்க்..."

"பேங்க்குல ஆடு வராதும்மா."

"விளையாடாதே. அஞ்சு வருஷம் முடிஞ்சா பட்டம் அதோட பேர்லதானே வரும்?"

சின்னவள் ஜன்னலோரம் போய் நின்றாள். இவ்வளவு நாள் சிரித்துச் சமாளித்ததெல்லாம் அப்போது போதும் என்று ஆகிவிட்டது. தனக்கு இடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. ஆட்டின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஓர் ஆட்டின் மேல் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்தக் குட்டி தும்மியபோது உள்ளங்கையில் பட்ட சூடு மட்டும் போகவே மாட்டேன் என்றது.

"பட்டம் அதுக்கு வரட்டும்" என்றாள். "படிப்பு எனக்கு வரும்ல."

அப்பா உள்ளே போய் ஒரு புது நோட்டுக்கு அட்டை போட்டுக் கொண்டு வந்தார். மேலே பெயர் எழுதுகிற இடத்தில் அவள் பெயரைத்தான் எழுதியிருந்தார்.

முதல் நாள் வகுப்பில் முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கெண்டைக்கால் கல்லு மாதிரி இருந்தது. சின்னவள் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம், கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். துணையாளுக்கு மேஜை கிடையாது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

பேராசிரியை வந்தாள். தலை நரைத்தவள், கையில் பழைய கடித் தழும்புகள். வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டாள். 1147 என்றதும் சின்னவள், "இருக்குங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. வாரியத்தோடு முப்பது வருடம் குப்பை கொட்டினவள்.

"உங்கள்ல இதுவரைக்கும் ஒரு மிருகத்தையாவது கையால பிடிச்சவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. ஒரு பையன் நாற்காலியை ஆட்டிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டான். சின்னவளின் கை தன்னை அறியாமல் பாதி எழுந்தது, சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

"தூக்கின கையை ஏம்மா இறக்கிட்ட?"

"நான் மாணவி இல்லீங்க. துணையாள். பதில் சொல்ல அனுமதி இல்லைன்னு கடிதத்துல இருக்கு."

பேராசிரியை அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். அவள் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள். பதிவேட்டைப் புரட்டி, விதிகளை ஒரு தடவை படித்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சரி. 1147ஐ முன் வரிசைக்குக் கூட்டிட்டு வா. பின்னாடி இருந்தா அதுக்குக் கேட்காது. மேஜை வேணும்னா போட்டுக்கோ, அதுக்குத்தான்."

சின்னவள் எழுந்தாள். கிடா வழியில் இரண்டு பேருடைய புத்தகங்களை மோந்து பார்த்துவிட்டு, முன் வரிசையில் போய் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டது. பேராசிரியை பாடத்தை ஆரம்பித்தாள். விதிப்படி முழுப் பாடத்தையும் ஆட்டைப் பார்த்தே நடத்தினாள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும், சின்னவள் எழுதி முடிக்கிற வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.